வானத்தில் மொய்க்கும் பொடிப் புள்ளிகள்

சுட்டிகளா, இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஏதாவது பழைய படம் போட்டால் கதையை விட்டுவிடுங்கள். பாட்டையும் விட்டுவிடுங்கள். கதாநாயகனுக்குப் பின்னால் தெரிகிற வானத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். வானம் இல்லையென்றால் ஒரு வெள்ளைச் சுவர் போதும்.

ஏதோ மொய்க்கிறது, தெரிகிறதா? பொடிப்பொடியாக, ஒரு நொடிகூடச் சும்மா இருக்காமல் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆள் அசையாமல் நின்றாலும் அவருக்குப் பின்னால் இருக்கிற சுவர் அசைகிறது!

இப்போது சேனலை மாற்றி, போன வருடம் வந்த படம் ஒன்றைப் பாருங்கள். அதிலும் வானம்தான். ஆனால் சமர்த்தாக, ஆடாமல் அசையாமல் இருக்கிறது.

"டிவியில் ஏதோ கோளாறு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். டிவி மேல் தப்பே இல்லை. பழைய படம் பிலிமில் எடுத்தது, புதுப் படம் டிஜிட்டலில் எடுத்தது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. (சில பழைய படங்களைக் கணினியில் துடைத்துப் பளபளப்பாக்கி ஒளிபரப்புவார்கள். அதில் புள்ளி தெரியாது. சலித்துக்கொள்ளாமல் வேறு படம் தேடுங்கள்.)

சுவரைப் பார்த்து "இது ஏன் துள்ளுகிறது?" என்று கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாருங்கள், அந்தக் கேள்விக்கே போவோம்.

முதலில் பிலிம். அது ஒரு நீளமான நாடா. சினிமா பிலிமின் அகலம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். கேமராவுக்குள் ஒரு சின்ன நகம் இருக்கிறது. அது அந்த ஓட்டையில் மாட்டி, நாடாவைக் கீழே இழுக்கும். இழுத்ததும் நாடா நிற்கும். நின்ற கணத்தில் ஒளி விழும், ஒரு படம் பதியும். மறுபடி இழுப்பு, மறுபடி நிறுத்தம். இப்படி ஒரு நொடிக்கு 24 முறை!

நாடாவின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. மாயமெல்லாம் அந்தப் பூச்சில்தான். அது ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற பசை. அதற்குள் வெள்ளியும் புரோமினும் சேர்ந்த உப்புப் படிகங்கள் கலந்திருக்கும். ஒவ்வொரு படிகமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மாடு என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை நன்றாகப் பிடிக்கும். இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும். பல வருடங்களாக ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. 1920களில் கோடக் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடிதான் காரணம்! கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகப் பொருள் மாட்டின் உடம்பு வழியாக ஜெலட்டினுக்கு வந்து, படிகங்களைக் கூர்மையாக்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு மாட்டை நம்பி இருக்காமல், அந்தக் கந்தகத்தைத் தாங்களே அளந்து சேர்த்தார்கள்.

இந்த வேலையெல்லாம் வெளிநாட்டில்தான் நடந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மத்திய அரசின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1967-ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். கருப்பு வெள்ளை சினிமா பிலிமும் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய எக்ஸ்ரே பிலிமும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. ஊட்டி ஏன் தெரியுமா? குளிர்ச்சி, தூசி குறைவு. பூச்சில் ஒரு தூசி விழுந்தால் திரையில் அது பாறாங்கல்லாகத் தெரியுமே! தொழிற்சாலை இப்போது இல்லை. ஆனால் அது இருந்த இடத்துக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர்.

சரி, ஒளி விழுந்தால் என்ன ஆகும்?

படிகத்தின் மேல் ஒளி படும்போது, அதில் நாலைந்து வெள்ளி அணுக்கள் தனியாகப் பிரிந்து ஒன்றாகச் சேர்கின்றன. நாலைந்துதான்! அந்தப் படிகத்தில் கோடிக்கணக்கான வெள்ளி அணுக்கள் இருக்கின்றன. இந்த நாலைந்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது. படம் பதிந்தாயிற்று, ஆனால் எங்கேயும் படம் இல்லை.

பிறகு லேப் வேலை. பிலிமை டெவலப்பர் என்ற கரைசலில் முக்குவார்கள். எந்தப் படிகத்தில் அந்த நாலைந்து அணு இருக்கிறதோ, அந்தப் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிவிடும். ஒளி படாத படிகம் அப்படியே இருக்கும். அதை இன்னொரு கரைசல் கரைத்துக் கழுவிவிடும். மிச்சம் இருக்கிற வெள்ளித் துணுக்குகள் கருப்பாகத் தெரியும். ஆமாம், கருப்பாக! பளபளக்கிற வெள்ளி, பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தால் கருப்புதான். அதனால் வெளிச்சம் பட்ட இடம் கருப்பு, இருட்டாக இருந்த இடம் வெளுப்பு. இதுதான் நெகட்டிவ். இதிலிருந்து இன்னொரு பிலிமில் பிரதி எடுத்தால், எல்லாம் திரும்பி நேராகிவிடும்.

கலர் பிலிம் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. ஒவ்வொரு வெள்ளித் துணுக்கைச் சுற்றியும் ஒரு சாயத் திட்டு உண்டாகும். கடைசியில் வெள்ளியை நீக்கிவிடுவார்கள், சாயம் மட்டும் தங்கும். நீக்கிய வெள்ளியை லேப்காரர்கள் சேர்த்து வைத்து விற்பார்கள் என்பது உபரித் தகவல்.

இதுவரை சரியா? புரியாவிட்டால் டெவலப்பர் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். அவசரமில்லை, காத்திருக்கிறேன்.

இப்போது டிஜிட்டல்.

இதில் நாடாவும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் சென்சார் என்ற சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதன் மேல் லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒளி பட்டால் சிலிக்கானிலிருந்து எலெக்ட்ரான் விடுபடும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு எலெக்ட்ரான் சேர்ந்தது என்று கேமரா எண்ணும். எண்ணி முடித்ததும் கட்டத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த படத்துக்குத் தயாராகும். 4கே கேமரா என்றால் அகலத்தில் 4096 புள்ளி, உயரத்தில் 2160 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், 88 லட்சத்துக்கு மேல். நொடிக்கு 24 படம் என்றால் 21 கோடிக்கு மேற்பட்ட எண்கள்! நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் அத்தனையும் எண்ணி எழுதியாகவேண்டும்.

இந்தச் சென்சார்களின் முன்னோடியான சிசிடி சில்லை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். அதற்காக 2009-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-ல் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் அப்படியொரு சில்லை வைத்து டிஜிட்டல் கேமரா செய்தார். நூறுக்கு நூறு புள்ளிதான். ஒரு கருப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அவர் வேலை பார்த்த கம்பெனி எது தெரியுமா? பிலிம் விற்றுப் பெயர் வாங்கிய அதே கோடக்!

சரி, சுவர் ஏன் துள்ளியது? அதற்கு வருகிறேன்.

காலையில் வாசலில் என்ன நடக்கும்? முதலில் தண்ணீர் தெளிப்பார்கள். துளிகள் கண்டபடி சிதறும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் இடைவெளி. நாளைக்குத் தெளித்தால் இன்றைக்கு விழுந்த இடத்தில் ஒரு துளிகூட விழாது. பிலிமில் படிகங்கள் சிதறிக் கிடப்பது அப்படித்தான். தண்ணீர் தெளித்த பிறகு கோலமாவை எடுத்துப் புள்ளி வைப்பார்கள். வரிசை பிசகக் கூடாது. சென்சாரில் இருப்பது அந்தப் புள்ளி. அதிலும் ஊடுபுள்ளி இல்லை, நேர்ப்புள்ளி.

பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் நாடாவின் புதிய துண்டு வந்து நிற்கிறது. அதாவது நொடிக்கு 24 தடவை புதிதாக வாசல் தெளிக்கிறோம். சுவர் அப்படியே நிற்கிறது, ஆனால் அதை வரைந்து காட்டுகிற துணுக்குகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. அதுதான் நீங்கள் பார்த்த துள்ளல். சினிமாக்காரர்கள் இதை கிரெய்ன் என்பார்கள். டிஜிட்டலில் அதே புள்ளிகள் அதே இடத்தில் உட்கார்ந்து எண்ணுகின்றன. அதனால் சுவர் அமைதியாகிவிட்டது.

கண்டுபிடித்துவிட்டோம் பார்த்தீர்களா!

ஆனால் இந்த நேர்ப்புள்ளிக்கு ஒரு எதிரி உண்டு. யார்? பொடிக்கோடு போட்ட சட்டை!

சட்டையிலும் கோடுகள் வரிசையாக இருக்கின்றன, சென்சாரிலும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு வரிசையும் ஓரிடத்தில் ஒத்துப்போகும், கொஞ்சம் தள்ளி ஒத்துப்போகாது. அந்த மாறுபாடு பெரிய பெரிய அலையாகத் திரையில் தெரியும். சட்டையில் இல்லாத வளையங்கள் சட்டையில் நெளியும். செய்தி வாசிப்பவர்கள் பொடிக்கோடு போட்ட உடையைத் தவிர்ப்பது இதனால்தான். பிலிமில் இந்தத் தொல்லை இல்லை. சிதறிக் கிடக்கிற துணுக்குகளோடு எந்தக் கோடும் வரிசை சேர முடியாதே.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் கொசுவலை இருந்தால் இரண்டாக மடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு மடிப்பை மெதுவாக நகர்த்துங்கள். வலையில் இல்லாத கோலங்கள் ஓடும். மோரே என்று இதற்குப் பெயர். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, வலையை மட்டும் பிடித்துப் பாருங்கள்.

சென்சாருக்கு இன்னொரு குறை. அதற்கு நிறமே தெரியாது! எவ்வளவு ஒளி என்று மட்டும்தான் எண்ணத் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு வண்ணக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். நாலு புள்ளி எடுத்தால் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சை ஏன் இரண்டு? நம் கண் பச்சையில்தான் நுணுக்கங்களை அதிகம் பார்க்கிறது. பச்சைப் புள்ளிக்குத் தன் இடத்தில் சிவப்பு எவ்வளவு என்று தெரியாது. பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆக, நாம் பார்க்கிற டிஜிட்டல் கலரில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தது. இந்த ஏற்பாட்டை 1970களில் யோசித்தவர் பிரைஸ் பேயர். அவரும் கோடக்தான்!

வெயில் விஷயத்தைப் பார்ப்போம். நடுப்பகலில் வீட்டுக்குள் நின்று ஜன்னலோடு சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரம் காணாமல் போய், பெரும்பாலும் வெறும் வெள்ளையாக இருக்கும். சென்சாரின் ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு எலெக்ட்ரான்தான் கொள்ளும் என்று ஒரு அளவு உண்டு. அது நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வருகிற ஒளிக்குக் கணக்கே கிடையாது. மரமும் வெள்ளை, வானமும் வெள்ளை.

பிலிமில் படிகங்கள் ஒரே அளவில் இல்லை என்று சொன்னேனே, அது இங்கே உதவுகிறது. பெரிய படிகங்கள் கொஞ்சம் ஒளியிலேயே வேலையை முடித்துவிடும். சின்னப் படிகங்களுக்கு நிறைய ஒளி வேண்டும். அதனால் பெரியவை எல்லாம் தீர்ந்த பிறகும் சின்னவை மிச்சம் இருக்கும். வெளிச்சம் கூடக் கூட, படம் பட்டென்று வெளுக்காமல் மெல்ல மெல்ல வெளுக்கும். பிலிமில் எடுத்த படங்களில் வெயிலைப் பார்க்கவே அழகாக இருப்பதற்கு இது பெரிய காரணம். இப்போதைய டிஜிட்டல் சினிமா கேமராக்கள் இதில் ரொம்ப முன்னேறிவிட்டன. ஆனாலும் வெயிலுக்கு என் ஓட்டு பிலிமுக்குத்தான்.

இருட்டுக்கு? யோசிக்கவே வேண்டாம், டிஜிட்டல். 2004-ல் மைக்கேல் மான் என்ற இயக்குநர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரவைக் காட்டுவதற்காகவே 'கொலாட்டரல்' படத்தில் பெரும்பகுதியை டிஜிட்டலில் எடுத்தார். பல இடங்களில் தெருவிளக்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

அடுத்து, படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்கு ஒரு நடை போய்வருவோம்.

பிலிம் காலத்தில் கேமரா ஓடும்போது காசும் சேர்ந்து ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம். 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கேமரா உதவியாளர் ஒரு கருப்புப் பையை எடுப்பார். சட்டை மாதிரி இரண்டு கை வைத்த பை அது. பிலிம் பெட்டியான மேகசினை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடி, தன் இரண்டு கையையும் நுழைத்துக்கொள்வார். வெளியே கண் சும்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் சுருளைத் தடவி, ஓட்டைகளைப் பல்லில் மாட்டி, மூடியை மூடும். ஒரு துளி வெளிச்சம் உள்ளே போனால் அத்தனை பேர் உழைப்பும் போச்சு.

எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்கவும் முடியாது. லேப்புக்குப் போய், கழுவி, பிரதியெடுத்து வரவேண்டும். அதற்கு ரஷ் என்று பெயர். அதுவரை கேமராமேன் மட்டும் தன் கணக்கை நம்பிக்கொண்டு இருப்பார். அதனால் ஒரு டேக் எடுப்பதற்கு முன் பத்து ஒத்திகை பார்ப்பார்கள். டிஜிட்டலில் எடுத்த அடுத்த நிமிடமே மானிட்டரில் பார்த்துவிடலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வசதி இல்லை. பிலிமை ரொம்பப் புகழ்கிற பெரியவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மாற்றம் வேகமாக வந்தது. தமிழில் 2005-ல் வந்த கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டலில் எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' பெரும்பாலும் டிஜிட்டலில் எடுத்தது. அதற்கு ஒளிப்பதிவு ஆஸ்கரும் கிடைத்தது. 2013-ல் ஜப்பானின் பியூஜி நிறுவனம் படமெடுக்கும் சினிமா பிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. கோடக் இன்னும் தயாரிக்கிறது. 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக, அதுவரை இல்லாத 65 மில்லிமீட்டர் கருப்பு வெள்ளை பிலிமைப் புதிதாகச் செய்து கொடுத்தது. ஐமேக்ஸ் என்ற பெரிய திரைக்கான அந்தப் படத்தின் பிரதி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர்!

எடுத்த படத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது? இங்கேதான் இரண்டு பேருமே திணறுகிறார்கள்.

1950களுக்கு முன்னால் வந்த சினிமா பிலிம் நாடா பெரும்பாலும் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு சுலபத்தில் எரியாது. ஆனால் சூடும் ஈரமும் பட்டால் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கிற வினிகர் வாடை வரும். நாடா சுருங்கி நெளிந்துவிடும். நம் ஊர் வெக்கைக்கும் மழைக்கும் கேட்கவா வேண்டும்? 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை.

டிஜிட்டல் புளிக்காது, எரியாது. ஆனால் மறைந்துவிடும். 1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ கணினியில் தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாற்றுப் பிரதியைத் தேடினால், அதுவும் சரியாகப் பதியவில்லை! நல்லவேளை, கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். பிலிமில் மூன்றாவது வகையான கெட்டியான பாலியெஸ்டர் பிலிமோ குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வெகுகாலம் இருக்கும். அதனால் டிஜிட்டலில் எடுத்த படத்தைக்கூடப் பிலிமில் பதித்துப் பூட்டி வைக்கிற பெரிய கம்பெனிகள் உண்டு.

இன்னொரு கூத்தும் சொல்கிறேன். 2021-ல் வந்த 'டூன்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார்கள். எடுத்து முடித்து அதை 35 மில்லிமீட்டர் பிலிமில் பதித்தார்கள். பிலிமை மறுபடி ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கினார்கள். எதற்கு இந்தச் சுற்றுவழி? டிஜிட்டல் ரொம்பத் துல்லியமாகவும் அசைவற்றும் இருந்ததாம். பிலிமின் மென்மை வேண்டுமென்று அதன் ஒளிப்பதிவாளர் கிரெக் பிரேசர் ஆசைப்பட்டார். அந்தப் படத்துக்கு அவர் ஆஸ்கரும் வாங்கினார்.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அப்பா அம்மாவிடம் கேட்டுக் கைப்பேசியை வாங்குங்கள். டிவியைப் போட்டு, திரைக்குக் கிட்டப் போய், கேமரா வழியாகத் திரையைப் பாருங்கள். முன்னும் பின்னும் மெதுவாக நகருங்கள். டிவியில் இல்லாத வானவில் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அவை எங்கிருந்து வருகின்றன? டிவித் திரையும் புள்ளிகளால் ஆனதுதான் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். பதிலைப் படத்தோடு வரைந்து அஞ்சலட்டையில் அனுப்புங்கள்.